கொய்யாவில் நீங்கள் நசுக்குவது யாரை?

கேள்வி: எங்களுக்கு 40 கொய்யா மரம் இருக்கிறது. மூன்று தடவை மருந்து அடித்தும் மாவுப்பூச்சி போகவில்லை. அதைத் தின்னும் என்று பொறிவண்டு வாங்கி மரத்தில் விட்டோம். மூன்று வாரமாகிறது, வண்டைக் காணோம், மாவுப்பூச்சிதான் முன்னைவிடப் பெரிசு பெரிசாகத் திரிகிறது. கையாலேயே நசுக்குகிறோம். ஏமாந்துவிட்டோமா சார்?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் நசுக்குவதை நிறுத்துங்கள்! அந்தப் 'பெரிய மாவுப்பூச்சி' அநேகமாக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வண்டின் புழுதான். கிரிப்டோலேமஸ் என்ற இந்தப் பொறிவண்டு, மாவுப்பூச்சியின் முட்டைப் பையிலேயே முட்டையிடும், அதிலிருந்து வரும் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலாகத் தொங்கவிட்டுக்கொண்டு அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று ஓடினால் நம்ம ஆள், மந்தமாக அங்கேயே கிடந்தால் மாவுப்பூச்சி. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த வண்டு இது, இன்னும் நம் கையால் சாகிறது, பாவம்.

அப்புறம், மரத்தில் எறும்பு ஏறுகிறதா? மாவுப்பூச்சி விடுகிற தேன் போன்ற கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், வண்டையும் புழுவையும் விரட்டும். அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், தரையைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாக ஏறும். மருந்து வேண்டவே வேண்டாம், நீங்கள் அடித்த மூன்று தடவையும் இயற்கையாக இருந்த எதிரிகளைத்தான் முதலில் கொன்றிருக்கும், அதனால்தான் பூச்சி இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த முறை வண்டு விடுவதாக இருந்தால் சாயங்காலம் விடுங்கள். நம்ம வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் வேண்டாம், தாங்காது.

கேள்வி: பப்பாளிக்கும் இதே வண்டு போதுமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: தின்னும், ஆனால் பப்பாளி மாவுப்பூச்சிக்கு அதைவிடக் கெட்டிக்கார எதிரி அசிரோபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவி. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்துத் தமிழ்நாட்டில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், உள்ளே வளரும் குஞ்சு அதைக் காலி செய்துவிடும். செத்த பூச்சி உப்பி, பழுப்பாகி, ஓட்டை விழுந்து கிடந்தால் குளவி ஏற்கெனவே உங்கள் தோட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அந்த இலைகளைப் பறித்து எரித்துவிடாதீர்கள். அப்படி எதுவும் தென்படாவிட்டால், பூச்சி பிடித்த இலை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.