அந்த அரை மணி நேரம் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் தடய அறிவியல் முதுகலை மாணவி. ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மே மாதம், சென்னை, பூட்டிய வீட்டுக்குள் ஒரு பிணம். மூன்றாம் அத்தியாயத்தில் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் உடல்வெப்பத்தையும் கண்திரவத்தில் உள்ள பொட்டாசியத்தையும் பார்த்துவிட்டு, ‘முந்தின நாள் ராத்திரி பத்திலிருந்து பத்தரைக்குள்’ என்கிறார். அதை வைத்துத்தான் கொலையாளி மாட்டுகிறான். இது நம்பும்படி இருக்கிறதா? அல்லது இப்போது பேசப்படும் நுண்ணுயிர்க் கடிகாரத்தை, அதாவது பிணத்தில் நுண்ணுயிர்கள் மாறிவருவதை வைத்து நேரம் கணிக்கும் முறையை, கொண்டுவரட்டுமா? அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

படித்தேன். பிணவறை ஊழியர் பேசுகிற பகுதி அருமை, அதில் கை வைக்காதீர்கள். ஆனால் டாக்டர் வாயைத் திறந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே ஸ்டீவன் ட்ரஸ்காட் வழக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் ‘பத்திலிருந்து பத்தரை’ நேராக அங்கே போய் இடித்தது.

முதலில் வெப்பம். மே மாதத்துச் சென்னையில், சன்னல் சாத்திய அறையில், உடல் எப்படி ஆறும்? ஆறுவதற்குச் சுற்றிலும் அதைவிடக் குளிர்ச்சி வேண்டாமா? அறையே 36, 37 டிகிரியில் வெந்துகொண்டிருந்தால் வெப்பமானி எதையுமே சொல்லாது. குளிர்நாடுகளில்கூட, ஜெர்மானியரான ஹென்ஸ்கே வகுத்த கணக்குப்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் முன்னே பின்னே 2.8 மணி நேரம் விட்டுத்தான் சொல்ல முடியும். இந்தப் படிப்பையே படிக்கிற நீங்கள் இதை எழுதலாமா?

அடுத்து பொட்டாசியம். உயிர் போனபின் விழித்திரை செல்களிலிருந்து அது கண்ணுக்குள் இருக்கும் கூழில் கசிகிறது, நேரம் ஆக ஆக அளவு ஏறுகிறது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 10 மில்லிமோல் வந்திருக்கிறது என்று வையுங்கள். ஸ்டர்னர் 1963இல் கொடுத்த வாய்ப்பாடு: 7.14ஆல் பெருக்கி 39.1ஐக் கழிக்க வேண்டும். இறந்து 32 மணி நேரம் ஆயிற்று என்று வருகிறது. மாடியாவும் அவர் குழுவும் 1989இல் கொடுத்தது: 5.26ஆல் பெருக்கி 30.9ஐக் கழிக்க வேண்டும். 22 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே கண், அதே 10. நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். வெயில் இருந்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாக ஏறும். உங்கள் டாக்டருக்கு அரை மணி நேரம் எங்கிருந்து கிடைத்தது?

ட்ரஸ்காட்டுக்கு வருகிறேன். 1959 ஜூன், கனடாவின் ஒண்டாரியோ மாகாணம், கிளிண்டன் என்ற ஊர். 12 வயதுச் சிறுமி காணாமல் போய், இரண்டு நாள் கழித்து ஒரு தோப்பில் பிணமாகக் கிடைத்தாள். கடைசியாக அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போனவன் ட்ரஸ்காட். அவனுக்கு வயது 14. நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டேன், அவள் ஒரு காரில் ஏறினாள் என்றான். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பெனிஸ்டன் வயிற்றில் இருந்த உணவு எவ்வளவு செரித்திருக்கிறது என்று பார்த்து, மாலை 7:15க்கும் 7:45க்கும் இடையில் இறந்திருக்கிறாள் என்றார். அந்த நேரத்தில் அவளோடு இருந்தவன் ட்ரஸ்காட் மட்டுமே. தூக்குத் தண்டனை விதித்தார்கள். பதினான்கு வயதுப் பையனுக்கு! பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 1969இல் பரோலில் விட்டார்கள். வேறு பெயரில் வாழ்ந்தான். 2007இல்தான் ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதி தவறிவிட்டது என்று சொல்லி விடுவித்தது.

வயிறு கடிகாரமல்ல. பயந்தால் செரிமானம் நின்றே போகலாம். பெனிஸ்டனே 1966இல், தன் முடிவை மறுபடி யோசித்து வேதனையோடு எழுதினார். பின்னாளில் உடலில் இருந்த புழுக்களை வைத்து நேரம் கணிக்கப் பூச்சியியல் அறிஞர்கள் வந்தார்கள், அவர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் பெரியப்பா ஒரு கோடையில் தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில்தான் பார்த்தோம். அன்றிரவு இரண்டரைக்குத் திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்திருந்தது. அவிட்டத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஆகாது, ஆறு மாதம் அடைப்பு என்பது நம்பிக்கை. திதி வேறு குறிக்க வேண்டும். எங்கள் தெரு டாக்டர் வந்தார். தாடையை அசைத்துப் பார்த்தார், இறுகியிருந்தது. கால் விரல்கள் இன்னும் தளர்வாக இருந்தன. உடலைப் புரட்டி, முதுகில் ரத்தம் கருஞ்சிவப்பாய்த் தேங்கியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வெளுத்தது, பிறகு மெல்ல நிறம் திரும்பியது. “பன்னெண்டுக்கு மேல, நாலுக்குள்ள” என்றார். சித்தப்பா அவரைத் திண்ணைக்குக் கூட்டிப்போய்க் கெஞ்சினார்: “ரெண்டுக்கு முன்னாடின்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டர். பொம்பளைங்க பயப்படறாங்க.” டாக்டர் தலையை ஆட்டினார். “நீங்க எது வேணா வச்சுக்குங்க. என் வாயால வராது.”

சித்தப்பாவுக்குக் கடைசிவரை அவர்மேல் வருத்தம். நான் அவரைப் போல ஒரு டாக்டரை எந்தத் துப்பறியும் கதையிலும் பார்த்ததில்லை. வீட்டார் பாசத்தில் கேட்டார்கள். போலீஸ் வழக்கை முடிக்கக் கேட்கும். வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார். எல்லாருக்கும் ஒரே ஒரு மணிதான் வேண்டும். உண்மையோ பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. அந்த நாலு மணி நேரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும். உங்கள் டாக்டரிடம் அது இல்லை, வெறும் சாமர்த்தியம்தான் இருக்கிறது. அவரை எழுதுகிற உங்களிடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், பிணவறை ஊழியரை அப்படி எழுதியிருக்கிறீர்களே.

நுண்ணுயிர்க் கடிகாரம் வேண்டாம். ஜெசிகா மெட்காஃபும் குழுவும் 2013இல் எலிகளில் செய்த ஆய்வில், 48 நாள் வரை ஏறக்குறைய மூன்று நாள் பிழையோடு சொல்ல முடிந்தது. பல நாள் ஆன உடலுக்கு அது பெரிய விஷயம். முந்தின ராத்திரிக்கு உதவாது.

மூன்றாம் அத்தியாயத்தில் டாக்டரை ‘மாலை ஆறிலிருந்து விடியும் வரை’ என்று சொல்லவிடுங்கள். இன்ஸ்பெக்டர் எரிச்சலில் கத்தட்டும். கொலையாளியைப் பிடிக்க வேறு வழி உங்கள் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது: பால்காரர் இரண்டாவது பாக்கெட்டை வைக்கும்போது முதல் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், பிறகு அதை மறந்தே போனீர்கள். திருத்தி எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.