கணக்கு இணையத்தில் இருந்தால் போதுமா?

கேள்வி: ஊராட்சிக் கணக்கெல்லாம் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போனும் இருக்கிறது. இருந்தும் கிராம சபைக்கு ஆள் வருவதில்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்பதுதானே உண்மை?

பதில்: இல்லை. இந்தப் பழியை மக்கள் தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ராஜஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் முதல் பொது விசாரணையை நடத்தினார்கள். அரசுப் பணிகளின் மஸ்டர் ரோலையும் (யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி என்ற பதிவேடு) பில்களையும் ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். அடுத்தடுத்த ஊர்களிலும் இதையே செய்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, செத்தவர் பெயரில் கூலி, நடக்காத வேலைக்குப் பில் என்று எல்லாம் வெளியே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் எழுந்து நின்று மறுத்தார்கள். தன் பெயரையும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் பட்டியலில் கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வராது? இந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா, பிறகு 2005இல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எல்லாம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அதே மாநிலத்தில் 2019இல் ஜன் சூச்னா இணையதளம் வந்தது. மக்கள் அமைப்புகளோடு கலந்து பேசி அரசு உருவாக்கியது. ரேஷன், ஓய்வூதியம் போன்றவை தன் ஊரில் யாருக்குப் போகின்றன என்று மனுப் போடாமலே பார்க்கலாம்.

நம் ஊராட்சிகளின் திட்டமும் செலவும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் இருக்கின்றன. சரி, அதில் ஒரு பணியைத் திறந்து பாருங்கள். திட்டத் தலைப்பு, குறியீட்டு எண், தொகை. உங்கள் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு என்று அதிலிருந்து கண்டுபிடிப்பது படித்தவருக்கே பாடு. அப்புறம், ஜனவரி 26 கிராம சபையில் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டவருக்கு மே 1இலும் பதில் இல்லை என்றால், ஆகஸ்ட் 15இல் அவர் எதற்கு வர வேண்டும்? ஆள் குறைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு அக்கறை இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு முன்பு அந்தக் கணக்கை எடுத்து, தெருவாரியாகத் தமிழில் எழுதி, ரேஷன் கடைப் பக்கம் ஒட்டுங்கள். சபையில் ஒவ்வொரு பணியையும் வாசிக்கச் சொல்லுங்கள். அந்தந்தத் தெருக்காரர் இருக்கும்போதே வாசிக்க வேண்டும். அவர்கள் சொல்வது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.