ஹாட் டாக் சூடாக்கும்போது ஏன் வெடிக்கிறது, மேலே என்ன போடலாம்?

ஹாட் டாக் என்பது இறைச்சியை விழுதாக அரைத்து, உறையில் அடைத்து, கடைக்கு வருமுன்பே வேகவைத்த சாசேஜ். நீளமான பன்னுக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சூட்டில் விரிந்து, இடம் போதாமல் பிளந்துவிடும், கத்தரிக்காயைக் குத்தாமல் தணலில் சுட்டால் வெடிக்குமே, அதே கதைதான். தீயைத் தணித்து 5 நிமிடம் வைத்து, அப்புறம் வாணலியில் லேசாகப் புரட்டினால் போதும்.

மேலே போட எனக்குப் பிடித்தது நியூயார்க் தள்ளுவண்டி வெங்காயம்: மெல்லிசாக அரிந்து வதக்கி, தக்காளி விழுது, கொஞ்சம் மிளகாய்த்தூள், வினிகர் சேர்த்துச் சுருளவிட வேண்டும். சிகாகோக்காரர்கள் கடுகு சாஸ், வெள்ளரி ஊறுகாய், தக்காளி, செலரி உப்பு என்று அடுக்குவார்கள், கெட்சப்பைக் கண்டால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

ஏற்கெனவே வெந்ததுதானே என்று ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே தின்னலாம் என்று பலர் நினைக்கிறார்கள். லிஸ்டீரியா கிருமி அந்தக் குளிரிலும் வளரும், அதனால் குறிப்பாகக் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும்.