ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஒரே போன்: பெங்களூருவிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி (பெல்லந்தூர், ஐ.டி. வேலை): சார், ஆபீஸ் மெயிலையும் டீம்ஸையும் சொந்த போனில் போடச் சொல்கிறார்கள். என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் கம்பெனி பார்க்குமா? பேசாமல் ரெண்டாவது போன் வாங்கிவிடவா? பட்ஜெட் 30,000.

பதில்: ரெண்டாவது போன் வேண்டாம். ஆண்ட்ராய்டில் ‘ஒர்க் புரொஃபைல்’ என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி செயலியை ஏற்றும்போது அது தனி அறை மாதிரி உருவாகும். அதற்குள் இருக்கும் செயலிகளின் ஐகானில் சின்ன பெட்டி அடையாளம் தெரியும். கம்பெனியின் அதிகாரம் அந்த அறைக்குள் மட்டும்தான். உங்கள் கேலரியையோ சொந்த வாட்ஸ்அப்பையோ அவர்களால் திறக்க முடியாது. வேலையை விட்டால் அந்த அறையை மட்டும் அழிப்பார்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒர்க் புரொஃபைலை அணைத்து வைத்தால் திங்கள் காலை வரை ஆபீஸ் நோட்டிபிகேஷன் எதுவும் வராது. போனே கம்பெனி வாங்கிக் கொடுத்தது என்றால் கதை வேறு. அதில் சொந்த விஷயம் எதையும் வைக்காதீர்கள்.

கடைக்குப் போகும் முன் ஐ.டி. டீமிடம் மூன்று விஷயம் கேளுங்கள். குறைந்தபட்சம் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு வேண்டும்? செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் அப்டேட்) எத்தனை நாள் பழையதாக இருக்கலாம்? முழு போனையும் அழிக்கும் பழைய ‘டிவைஸ் அட்மின்’ முறை கேட்பார்களா? மூன்றாவதுக்கு ஆமாம் என்றால் மட்டும் தனி போன் யோசிக்கலாம்.

பலர் மாட்டுவது ரெண்டாவது விஷயத்தில்தான். விலை குறைந்த பல மாடல்களுக்கு ரெண்டு மூன்று வருடத்தில் பேட்ச் நின்றுவிடும். போன் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு நாள் காலையில் ‘விதிகளுக்கு உட்படவில்லை’ என்று மெயில் நின்றுவிடும். அதனால் கேமராவுக்கு முன் அப்டேட் வருடத்தைப் பாருங்கள். சாம்சங் ஏ36, ஏ56 மாடல்களுக்கு 6 வருடம், பிக்சல் 8 முதல் வந்தவற்றுக்கு 7 வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் வரும் போன வருட மாடலில் ஒரு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

ஒர்க் புரொஃபைலில் பல செயலிகள் ரெண்டு பிரதியாக ஓடும். எனவே 8 ஜிபி ரேமுக்குக் கீழே இறங்காதீர்கள். ஸ்டோரேஜ் 256 ஜிபி நல்லது.

கேள்வி (ஜெயநகர்): அமெரிக்காவிலிருந்து மச்சான் வருகிறார். ஐபோன் 16 வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14-லிருந்து சிம் தட்டே கிடையாது, இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன, ரெண்டு எண்ணை ஒரே நேரத்தில் ஓட்டலாம். அது பிரச்சினை இல்லை. போன் கீழே விழுந்து உடைந்த அன்றுதான் சிக்கல். சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட முடியாது, இ-சிம்மைப் புதிதாக வாங்க வேண்டும். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் முடக்கப்படும். ஓடிபி வராது, யுபிஐ பதிவும் நடக்காது. வங்கி எண்ணை இந்தப் போனில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்தியாவில் விற்கும் ஐபோன் 16-ஐயே வாங்குங்கள், அதில் சிம் தட்டு இருக்கிறது.

அப்படியும் அங்கேதான் வாங்குவது என்றால், செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் போய் ‘கேரியர் லாக்’ வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள். தவணையில் வாங்கிய போன்களில் பெரும்பாலும் பூட்டு இருக்கும்.

கேள்வி (மடிவாளா, டெலிவரி வேலை): அண்ணா, பைக் ஹேண்டிலில் போனை மாட்டி ஓட்டுறேன். ஆறு மாசத்துல கேமரா நடுங்குது, போட்டோ தெளிவா வரல. எந்த போன் தாங்கும்?

பதில்: போன் மட்டமானது என்பதால் இல்லை தம்பி, என்ஜின் அதிர்வால் வருவது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ‘ஓஐஎஸ்’ கேமராவில் லென்ஸ் நுண்ணிய ஸ்பிரிங்கில் மிதக்கிறது. தொடர்ந்து அதிரும்போது அது கெடுகிறது. பைக் அதிர்வு பற்றி ஆப்பிளே 2021-ல் எச்சரிக்கை வெளியிட்டது. உங்களுக்கு ஓஐஎஸ் இல்லாத போன்தான் சரி, விலையும் குறைவு. ஓஐஎஸ் உள்ளதைத்தான் மாட்டுவேன் என்றால் அதிர்வு உறிஞ்சும் ரப்பர் டேம்பர் வைத்த மவுண்ட் கட்டாயம்.

பேட்டரி 6,000 எம்ஏஎச்-க்குக் குறையக் கூடாது. வெயிலில் முழு வெளிச்சத்தில் மேப் ஓட, பக்கத்தில் சார்ஜும் ஏற, போன் சூடாகி திரை தானாக மங்கும். அதனால் 80 சதவீதம் ஏறியதும் சார்ஜரைப் பிடுங்குங்கள். கடையில் திரையைப் பார்க்கும்போது உள்ளே நின்று பார்க்காதீர்கள், வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள்.

மழைக்கு ஐபி68 (தண்ணீர், தூசி தாங்கும் தர அளவு) இருந்தாலும் உறையில் போட்டே ஓட்டுங்கள். ஈரத்தில் டச் தப்புத் தப்பாக வேலை செய்யும். சார்ஜிங் ஓட்டை ஈரமாக இருக்கும்போது கேபிளைச் சொருகினால் முனைகள் அரித்துப்போகும். தண்ணீர் புகுந்தால் வாரண்டி பொதுவாகக் கிடையாது.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): ஆபீஸ் பேஸ்மென்டில் சிக்னலே இல்லை. 5ஜி போன் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஆபீஸ் வைஃபை வழியாகவே போன் பேசும் ‘வைஃபை காலிங்’ உள்ள போன் வாங்குங்கள், செட்டிங்ஸில் அதை இயக்குங்கள். 5ஜி என்று எடுத்தால் என்28, என்78 ரெண்டு பேண்டும் (அலைவரிசையும்) இருக்க வேண்டும். என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ், சுவரைத் தாண்டி வருவதில் அதுதான் மேல். ஜியோவின் 5ஜி தனித்து இயங்கும் ‘எஸ்ஏ’ வகை, போனிலும் அந்த வசதி வேண்டும்.

கேள்வி (சிவாஜிநகர், மொத்த வியாபாரம்): கடைக்கும் வீட்டுக்கும் ரெண்டு நம்பர். போன் விலையில் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

பதில்: வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்து, வியாபாரத்துக்காக வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், அதாவது போனுக்குக் கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் திட்டத்தில் இருந்தால் கிடையாது. போனுக்கு 18 சதவீதம். 20,000 ரூபாய் போனில் வரி மட்டும் ஏறக்குறைய 3,051. பில் போடும் முன்பே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள், பில் வந்த பிறகு சேர்ப்பது பெரிய தலைவலி. வரவு எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானமும் கோர முடியாது, ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே வாட்ஸ்அப் செயலிக்குள்ளேயே ரெண்டு கணக்கு வைக்கலாம், ஆண்ட்ராய்டில் 2023-லிருந்து இருக்கிறது. மெமரி கார்டும் வேண்டுமா? ‘ஹைப்ரிட்’ தட்டு என்றால் ரெண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். மூன்றுக்கும் தனித்தனி இடம் உள்ளதாகக் கேளுங்கள்.

கேள்வி (அல்சூர்): பில், செக், ஆதார் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பும் வேலை. 200 மெகாபிக்சல் வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தக் கேமராக்களின் பெரிய சென்சார், காகிதத்தை நெருங்கி எடுத்தால் ஓரங்களை மங்கலாக்கும். ஒரு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

கேள்வி (கே.ஆர். புரம்): எஸ்.பி. ரோடு, நேஷனல் மார்க்கெட் பக்கம் பழைய ஐபோன், பிக்சல் எல்லாம் மலிவாகக் கிடைக்கிறதாம். என்ன பார்த்து வாங்குவது?

பதில்: *#06# போட்டு வரும் ஐஎம்இஐ எண், பெட்டி, பில் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் போட்டால் திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும்.

இந்த ஊருக்கென்று ஒரு ஆபத்து உண்டு: கம்பெனிகள் கழித்துவிட்ட போன்கள். கடையில் காட்டும்போது நன்றாக இருக்கும். வீட்டுக்கு வந்து ரீசெட் செய்தால் ‘ரிமோட் மேனேஜ்மெண்ட்’ அல்லது ‘இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது’ என்று நின்றுவிடும். அந்தக் கம்பெனி விடுவித்தால் ஒழிய திறக்காது. தவணை கட்டாமல் விட்ட போன்களிலும் இதே மாதிரிப் பூட்டு உண்டு. அதனால் பணம் கொடுக்கும் முன், அங்கேயே செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஹோம் ஸ்கிரீன் வரும் வரை காத்திருங்கள். பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், ‘நாளைக்கு எடுத்துத் தருகிறேன்’ பேச்சு வேண்டாம். ஐபோனில் அபௌட் பக்கத்தில் மாற்றிய பாகங்களின் விவரமும் தெரியும். திரையில் முழு வெள்ளைப் படம் வைத்து நிழல், பச்சைக் கோடு இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (பன்னேர்கட்டா ரோடு): சேலத்தில் இருக்கும் அம்மாவுக்கு எது வாங்கித் தர?

பதில்: சேலத்தில் எந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது.

கேள்வி (வைட்ஃபீல்டு): புதுப் போன் வந்துவிட்டது. எதை முதலில் மாற்றுவது? போன தடவை ஆபீஸ் லாகின் ரெண்டு நாள் போய்விட்டது.

பதில்: பழைய போனை அழித்த பிறகு ஆதென்டிகேட்டரை (ஆபீஸ் லாகினை உறுதிசெய்யும் செயலியை) தேடியிருப்பீர்கள். பேக்கப் எடுத்திருந்தாலும் ஆபீஸ் கணக்கு பெயராக மட்டும் வரும், மறுபடி பதிய வேண்டும். எனவே பழைய போன் உயிரோடு இருக்கும்போதே, லேப்டாப்பில் ஆபீஸ் கணக்கின் செக்யூரிட்டி இன்ஃபோ பக்கத்தைத் திறந்து புதுப் போனைச் சேருங்கள். அது வேலை செய்கிறதா என்று ஒரு தடவை லாகின் செய்து பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள். அடுத்து ஒர்க் புரொஃபைல். பிறகு வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு என்றால் கூகுள் பேக்கப் உதவாது, ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே ‘மூவ் டு ஐஓஎஸ்’ வழியாக மாற்ற வேண்டும்.

சிம்மும் யுபிஐயும் கடைசியில். புதுப் போனில் பதிந்த முதல் 24 மணி நேரம் பல வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. வாடகை கட்டும் தேதியில் போன் மாற்றாதீர்கள். பழைய போனை ஒரு வாரம் அணைத்து அலமாரியில் வைத்திருந்துவிட்டு அப்புறம் ரீசெட் செய்யுங்கள்.