காற்பந்துப் பந்தயம்: சிங்கப்பூரில் எது சட்டம், எது வலை? – வாசகர் கேள்வி பதில்

கே: நண்பர் ஒருவர் கைப்பேசியில் ஒரு பந்தயச் செயலியைக் காட்டினார். "வெளிநாட்டு அரசாங்கத்தின் உரிமம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்கிறார். சேரலாமா? – வாசகர், ஈசூன்

வேண்டாம். வேறு நாடு கொடுத்த உரிமம் இங்கே செல்லாது. சிங்கப்பூரில் விளையாட்டுப் பந்தயம் வாங்க உரிமம் பெற்றிருப்பது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டும்தான். கள்ளச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தவே 1968ல் அரசாங்கம் அந்நிறுவனத்தை ஏற்படுத்தியது. பந்தயத்தை அடியோடு தடை செய்தால் ஆட்டம் மறைவிடத்துக்குப் போய்விடும், முழுக்கத் திறந்துவிட்டால் போட்டிபோட்டு விளம்பரம் செய்து ஆள் பிடிப்பார்கள். அதனால் ஒரே ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து அதைக் கண்காணிப்பது என்பது இங்குள்ள ஏற்பாடு. பூல்ஸ் இப்போது டோட் போர்டு என்ற அரசாங்க வாரியத்துக்குச் சொந்தமானது. அதன் உபரி அறப்பணிகளுக்கும் சமூகத் திட்டங்களுக்கும் போகிறது.

2022 ஆகஸ்ட் 1 முதல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதே நாளில் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையமும் அமைந்தது. உரிமம் இல்லாதவரிடம் பந்தயம் கட்டினால் கட்டியவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஏஜெண்டாக இருந்தால் 200,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும். நடத்துபவருக்கு 500,000 வெள்ளி, ஏழு ஆண்டு வரை. "விளையாடுபவனைப் பிடிக்க மாட்டார்கள்" என்று காப்பிக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். விளையாடுபவருக்கென்றே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.

தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் செயலியில் ஜெயித்த பணம் வரவில்லை என்றால் யாரிடம் போய்ப் புகார் செய்வீர்கள்? முதலில் சின்னத் தொகைகளை உடனே கொடுத்து நம்பிக்கை ஊட்டுவார்கள். பெரிய தொகையை எடுக்கப் போகும்போது "சரிபார்ப்புக் கட்டணம்" கேட்பார்கள். சட்டவிரோதமான இடத்தில் போட்ட பணம் என்பதால் நீங்கள் வாய் திறக்கத் தயங்குவீர்கள். அவர்கள் நம்பியிருப்பது அந்தத் தயக்கத்தைத்தான்.

கே: 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அர்ஜெண்டினா வெல்லும் என்று கட்டினேன். அர்ஜெண்டினாதான் கிண்ணத்தைத் தூக்கியது. ஆனாலும் பணம் வரவில்லை. ஏமாற்றா? – வாசகர், சுவா சூ காங்

ஏமாற்று எதுவும் இல்லை. விதியைப் படிக்காததால் வந்த இழப்பு. வெற்றி-சமன்-தோல்விப் பந்தயத்தில் கணக்கு 90 நிமிடத்தோடு முடிகிறது. காயங்களுக்காகச் சேர்க்கும் நிமிடங்கள் அதில் அடங்கும். கூடுதல் நேரமும் பெனால்டியும் அடங்காது. அந்த ஆட்டம் 90 நிமிடத்தில் 2-2. கூடுதல் நேர முடிவில் 3-3. பிறகு பெனால்டியில் 4-2. ஆக, பந்தயக் கணக்கில் அது சமநிலை. சமன் என்று கட்டியவருக்கே பணம். மொத்த கோல் பந்தயத்திலும் எண்ணிக்கை நான்குதான், ஆறு அல்ல. கிண்ணத்தை யார் வெல்வார் என்பது தனிப் பந்தயம், அதைத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

இதேபோல் பலரும் இடறும் இன்னோர் இடம் ஹேண்டிகேப். ஒரு பெரிய அணி ஒரு கோல் விட்டுக்கொடுத்து ஆடுகிறது என்று வையுங்கள். அது 2-1 என்று வென்றால், ஒரு கோலைக் கழித்தபின் கணக்கு 1-1. 'ஏஷியன் ஹேண்டிகேப்' பந்தயமாக இருந்தால் கட்டிய தொகை அப்படியே திரும்பி வரும். ஹேண்டிகேப்போடு சேர்ந்த வெற்றி-சமன்-தோல்விப் பந்தயமாக இருந்தால் அது 'சமன்' என்று தீர்க்கப்படும், பெரிய அணிமேல் கட்டியவர் முழுத் தொகையையும் இழப்பார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கட்டும் முன் பந்தயத்தின் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். கடையில் கட்டினால் கவுண்டரை விட்டு நகரும் முன் சீட்டில் ஆட்டம், பந்தய வகை, ஆட்ஸ் (ஜெயித்தால் ஒரு வெள்ளிக்கு எவ்வளவு வரும் என்ற எண்), தொகை நான்கையும் சரிபாருங்கள். ரொக்கம் கொடுத்து வாங்கிய சீட்டில் உங்கள் பெயர் இருக்காது. தொலைந்தால் உங்களுடையது என்று நிரூபிப்பது கடினம்.

கே: ஒரே ஆட்டத்தில் கட்டினால் கொஞ்சம்தான் கிடைக்கிறது. நான்கு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டினால் பத்து வெள்ளி நூறு வெள்ளியாகிறது. சேர்த்துக் கட்டுவதுதானே லாபம்? – வாசகர், பொங்கோல்

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஓர் ஆட்டத்துக்கு ஆட்ஸ் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: உள்ளூர் அணி 1.80, சமன் 3.30, வெளியூர் அணி 3.70. இந்த எண்ணில் நீங்கள் கட்டிய வெள்ளியும் அடக்கம். 10 வெள்ளி கட்டி உள்ளூர் அணி வென்றால் கைக்கு வருவது 18, லாபம் 8.

இப்போது 100ஐ ஒவ்வோர் எண்ணாலும் வகுங்கள். 55.6, 30.3, 27.0. கூட்டினால் 112.9. ஓர் ஆட்டத்தின் மூன்று முடிவுகளுக்கும் சேர்த்து வாய்ப்பு 100 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முடியாது. மிச்சமுள்ள 12.9தான் நடத்துபவர் வைத்திருக்கும் இடைவெளி. 100ஐ 112.9ஆல் வகுத்தால் 0.886. அதாவது இந்த ஆட்ஸில் கட்டப்படும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரியாக 88.60 வெள்ளி திரும்பி வரும், 11.40 வெள்ளி வராது. இடைவெளி ஆட்டத்துக்கு ஆட்டம், பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். எந்த ஆட்டத்துக்கும் இதே வழியில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நான்கு ஆட்டங்களைச் சேர்க்கும்போது இந்த 0.886 தன்னையே நான்கு முறை பெருக்கிக்கொள்கிறது. இரண்டு ஆட்டத்தில் 0.785. நான்கில் 0.616. நூறு வெள்ளிக்கு 11 வெள்ளி போன இடத்தில் இப்போது 38 வெள்ளி போகிறது.

நீங்கள் சொன்ன பத்து வெள்ளிக்கு வருவோம். நான்கு ஆட்டத்திலும் 1.80 என்றால் 1.80ஐ நான்கு முறை பெருக்க 10.50. பத்து வெள்ளி 105 வெள்ளியாகிறது, உண்மைதான். ஆனால் இடைவெளி இல்லாத நியாயமான ஆட்ஸ் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2.03. அதை நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 17. அந்த அளவு அபாயத்துக்கு உங்களுக்குக் கிடைக்க வேண்டியது 170 வெள்ளி, கிடைப்பது 105. நான்கும் சரியாக வர வாய்ப்பு ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்று சரியாக வந்து நான்காவது 88ஆவது நிமிடத்தில் கவிழும்போது "கொஞ்சத்தில் தவறிவிட்டது" என்று மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு வாரம் தவறியது அடுத்த வாரத்தின் வாய்ப்பை இம்மியும் கூட்டுவதில்லை.

கே: துவாஸ் விடுதியில் இருக்கிறேன். ஐபிஎல் ஆட்டங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு அண்ணன் பந்தயம் வாங்குகிறார். இப்போது என் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் பணம் தருகிறேன் என்கிறார். – வாசகர், துவாஸ்

தம்பி, இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். சிங்கப்பூர் பூல்ஸ் வெளியிடும் பட்டியலில் இல்லாத எந்த விளையாட்டுக்கும் எந்த ஆட்டத்துக்கும் இங்கே சட்டப்படி பந்தயம் கட்ட வழி கிடையாது. வாட்ஸ்அப்பில் வாங்குபவர் ஊர்க்காரர், தெரிந்தவர் என்பதால் அது சட்டமாகிவிடாது.

வங்கிக் கணக்கு விவகாரம் பந்தயத்தைவிட மோசம். பந்தயப் பணமும் மோசடிப் பணமும் உங்கள் கணக்கு வழியாகப் போகும். காவல்துறை பணத்தின் தடத்தைப் பிடித்து வரும்போது முதலில் வந்து நிற்கும் இடம் உங்கள் பெயர்தான். கணக்கையோ சிங்பாஸ் (அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) விவரங்களையோ பிறர் பயன்படுத்தக் கொடுப்பவர்களுக்கு எதிராக 2024 பிப்ரவரி முதல் சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்புவது முன்புபோல் எளிதல்ல. வேலை அனுமதிச் சீட்டும் பறிபோகலாம். ஏற்கெனவே வங்கி அட்டையைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றுங்கள், காவல்துறையிடம் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள்.

கே: பூல்ஸ் இணையக் கணக்குக்கு வயது வரம்பு என்ன? தம்பிக்கு 19. – வாசகி, செங்காங்

இணையக் கணக்குக்கு 21. பூல்ஸ் கடைகளில் நேரில் வாங்க 18. உங்கள் தம்பி கடையில் கட்டலாம், இணையத்தில் முடியாது. அவருக்காக உங்கள் கணக்கைத் திறந்துகொடுக்கவும் கூடாது.

இணையச் சேவை 2016 அக்டோபரில் தொடங்கியது. கணக்கு திறக்கும்போதே ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று வரம்பு வைக்கச் சொல்லும். பலர் பெரிய எண்ணைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வரம்பு எதையும் தடுக்காது. வாடகை, உணவு, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, முழுக்கத் தொலைந்தாலும் பாதிப்பில்லாத தொகை எது? அதை மாதத்துக்குக் கணக்கிட்டு, நாளுக்குப் பிரித்து அந்த எண்ணை இடுங்கள். தோற்ற இரவில் யோசிப்பதைவிடக் கணக்கு திறக்கும் காலையில் யோசிப்பது நல்லது.

கே: அலுவலகத்தில் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு விளையாடலாமா? ஜெயித்த பணத்துக்கு வரி உண்டா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

குடும்பத்தாரும் நண்பர்களும் ஒருவர் வீட்டில் நேருக்கு நேர் விளையாடினால், இடையில் யாரும் கமிஷன் எடுக்காவிட்டால், சட்டம் விலக்கு அளிக்கிறது. அலுவலகம் வீடு அல்ல. வாட்ஸ்அப் குழுவில் நடத்துவது இணையச் சூதாட்டம், அதற்கு விலக்கு இல்லை.

பொழுதுபோக்காகக் கட்டி ஜெயித்த பணத்துக்கு வருமான வரி இல்லை. பந்தயத் தீர்வையை நடத்துபவர் செலுத்திவிடுகிறார்.

கே: என் மகனுக்கு 27 வயது. சம்பளம் வந்த வாரத்திலேயே பந்தயத்தில் போய்விடுகிறது. வீட்டு நகையைக்கூட அடகு வைத்துவிட்டான். நான் ஏதாவது செய்ய முடியுமா? – ஒரு தாய், உட்லண்ட்ஸ்

முடியும், அம்மா. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் முடியும். பிரச்சினை தரும் சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்திடம் குடும்ப விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு அந்த உரிமை உண்டு. விண்ணப்பித்தபின் மதிப்பீட்டுக் குழு உங்களையும் விசாரிக்கும், மகனுக்கும் பேச வாய்ப்பளிக்கும். அடகுச் சீட்டு, வங்கி அறிக்கை, கடன்காரர்களிடமிருந்து வந்த குறுஞ்செய்தி, கட்டாமல் கிடக்கும் வீட்டுச் செலவு பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். "நிறைய ஆடுகிறான்" என்று சொல்வதைவிட எந்த மாதம் எவ்வளவு போனது என்று காட்டுவது குழுவுக்கு உதவும்.

மகனே மனம் வைத்தால் சுய விலக்கு இன்னும் சுலபம். சிங்பாஸ் வழியே இணையத்தில் முடித்துவிடலாம். குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் அதை நீக்கக் கேட்க முடியும். வேலை அனுமதியில் இருப்போரும் இதைச் செய்துகொள்ளலாம்.

விலக்கு ஆணை சூதாட்டக் கூடங்கள், ஜாக்பாட் அறைகள், பூல்ஸ் இணையக் கணக்கு ஆகியவற்றை அடைக்கும். வட்டாரத்துக் கடைக் கவுண்டரில் ரொக்கம் கொடுத்துக் கட்டுவதை அடைக்காது, கள்ள ஏஜெண்டையும் அடைக்காது. அதனால் ஆணையோடு நிறுத்திவிடாதீர்கள். அவருடைய சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கான பங்கு, சம்பள நாளன்றே உங்கள் கணக்குக்குத் தானாக மாறும்படி அவர் சம்மதத்தோடு வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். அவருடைய கடனுக்கு நீங்கள் பிணை நிற்காதீர்கள். பழைய கடனை நீங்கள் மொத்தமாக அடைத்தால் அவருக்குப் புதுக் கடன் வாங்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் வாங்கியிருந்தால் பணம் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், காவல்துறையிடம் போங்கள்.

உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. ஆட்டக்காரர் மட்டுமல்ல, தாயும் அழைக்கலாம்.