குறைந்த விலை ரெட் ஒயின்: எது காசுக்குத் தகும்?

கேள்வி: ஐந்தாறு மலிவு ரெட் ஒயின்களைச் சுவைத்து மதிப்பெண் போட விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் பாட்டிலை மறையுங்கள். விலை தெரிந்துவிட்டால் நாக்கு அதன் பக்கம் சாய்ந்துவிடும். ஒருவர் மட்டும் பாட்டில்களைக் காகிதப் பையில் போட்டு எண் எழுதட்டும். பினோ நுவார் போன்ற லேசானவை முதலில், கேபர்னே சாவிஞான் போன்ற கனமானவை கடைசியில் என வரிசையும் அவரே வைக்கட்டும். ஒயின் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சூடேறினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். ரொம்பக் குளிர்ந்தால் பழ மணம் ஒடுங்கி, துவர்ப்பு தூக்கலாகும். ஒரே மாதிரி கிளாஸ்களில் 50 மி.லி. ஊற்றினால் போதும். சுவைத்ததும் துப்பிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் முதல் ஒயினை மறுபடி சுவையுங்கள். வாய் பழகும் முன் போட்ட மதிப்பெண் பெரும்பாலும் மாறும்.

கேள்வி: வாயில் எதைக் கவனிப்பது?

பதில்: துப்பியதும் நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் உதட்டின் உட்புறமும் உலர்ந்து இழுத்தால் அது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். இரண்டும் இருந்தும் பழச்சுவை அமுங்காமல் நின்றால் நல்ல ஒயின். மலிவு ஒயின்களில் ஏமாற்றுவது இனிப்புதான். லிட்டருக்குப் பத்து கிராம் சர்க்கரை விட்டுவைத்தால் சப்பையான ஒயினும் முதல் வாயில் 'வழுவழு'வென்று பிடித்துப்போகும். மூன்றாம் வாயில் திகட்டும். அதனால் ஒரே வாயில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூக்கில் தூக்கலாக வனிலா, வாயிலோ ஒன்றுமில்லை என்றால், ஓக் மரப் பீப்பாய்க்குப் பதில் ஓக் சில்லுகள் போட்டிருக்கலாம். பிறகு, சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். இந்த விலையில் பத்து நொடி பழச்சுவை நின்றாலே பாராட்ட வேண்டும். கசப்பு மட்டும் நின்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஒரு பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. அது பெரும்பாலும் கார்க்கிலிருந்து இறங்கும் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருளின் வேலை. காற்றாட வைத்தாலும் போகாது. அதே ஒயினில் வேறு பாட்டில் திறங்கள். தீக்குச்சி உரசிய வாடை என்றால் கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிடம் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். வினிகர் வாடைக்குத் தாராளமாகக் குறைக்கலாம்.

கேள்வி: 100க்குப் போடும் மதிப்பெண்ணை விலையால் வகுத்தால் போதுமா?

பதில்: வேண்டாம். அந்த அளவுகோல் 50இல் தொடங்குகிறது; விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் 80க்கும் 95க்கும் இடையில் நிற்கும். விலையோ பல மடங்கு மாறும். வகுத்தால் எப்போதும் மலிவானதே ஜெயிக்கும். 20க்குப் போடுங்கள்: நிறம் 1, மணம் 5, சமநிலை (புளிப்பு, டானின், பழச்சுவை ஒன்றையொன்று அமுக்காமை) 8, நீடிப்பு 4, மொத்த அபிப்பிராயம் 2. பன்னிரண்டுக்குக் கீழே இருப்பதை, எவ்வளவு மலிவானாலும், ஒதுக்குங்கள். அதன்பிறகே பையைப் பிரித்து விலையைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வித்தியாசத்தைச் சமம் என்றே கொள்ளுங்கள். மறுநாள் அதே கைகள் அதே எண்ணை எழுதாது. சமமானவற்றில் விலை குறைந்ததே உங்கள் தேர்வு. விலையும் ஒன்றாக இருந்தால், மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் குளிர் விட்டதும் சுவையுங்கள். பழ மணம் கலையாமல் இருப்பதை வாங்குங்கள்.