காட்டெருமைக்கு எந்த ரைஃபிள்? ஞாயித்துக்கிழமை கேள்வி பதில்

டீ போட்டு வெச்சுட்டு உக்காந்துட்டேன், ஆரம்பிக்கலாம். என்னைத் தெரியாதவங்களுக்கு, சொந்த ஊர் பெரம்பூர், நமீபியால விண்ட்ஹூக்ல 11 வருஷம் அக்கவுண்ட்ஸ் வேலை பாத்தேன், வீட்டு ஓனர் ஒரு பண்ணைக்காரர், லீவு நாள்ல அவர்கூட சுத்தி சுத்தி ஒட்டிக்கிட்ட பைத்தியம் இது. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இங்க பேசப்போறது எல்லாம் லைசென்ஸ் கட்டி வேட்டையாட விடற நாடுகளுக்கு. நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துலயே பாதி கதை முடிஞ்சுது, 1991 திருத்தத்துல மிச்சமும் முடிஞ்சுது.

கேள்வி (சோழிங்கநல்லூர்): அண்ணா, வேலை விஷயமா தென்னாப்பிரிக்கா போறேன், அங்கயே 4-5 வருஷம். கேப் எருமைலேர்ந்து மான் வரைக்கும் ஒரே ரைஃபிள்னா எது வாங்கலாம்?

பதில்: .375 ஹெச் அண்ட் ஹெச், அதாவது ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி தோட்டா, .375ங்கறது இஞ்ச் கணக்குல குண்டோட விட்டம், அதைத்தான் கேலிபர்னு சொல்றது. வேற யோசனையே வேணாம் தம்பி. 1912ல வந்த தோட்டா, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அதை ஒதுக்கித் தள்ள ஒண்ணு வரல. 300 கிரெயின் (குண்டு எடைய அளக்கற கணக்கு) குண்டு செகண்டுக்கு 2,500 அடி ஸ்பீடுல போகும், எனர்ஜி 5,700 ஜூல் பக்கம் வரும். இந்த ஜூல் கணக்கு ஏன்னா சில நாட்டுல சட்டமே அப்படித்தான், நமீபியால எருமை யானைக்கு குறைஞ்சது 5,400 ஜூல் வேணும், குடு, ஓரிக்ஸ் மாதிரி பெரிய மானுக்கு 2,700, ஸ்பிரிங்பாக் மாதிரி சின்ன மானுக்கு 1,350. ஜிம்பாப்வேல ஜூலோட சேத்து குண்டு விட்டமும் 9.2 மில்லிமீட்டருக்கு குறையக்கூடாது. .375 எல்லாத்துலயும் பாஸ். 200 மீட்டர்ல நிக்கற மானையும் நிம்மதியா சுடலாம், 40 மீட்டர்ல நிக்கற எருமையையும் சுடலாம், தோட்டாவும் அந்தப் பக்கம் வேட்டை சாமான் விக்கற கடைல சுலபமா கிடைக்கும். எருமை ஆசை இல்லைன்னா எனக்கு 9.3×62 தான் பிடிக்கும், 1905ல ஓட்டோ பாக்னு ஒரு பெர்லின் துப்பாக்கிக்காரர் ஆப்பிரிக்கா போற ஜெர்மன்காரங்களுக்காக சாதா மவுசர் ரைஃபிள்ல பொருந்தற மாதிரி செஞ்சது, உதை கம்மி, ரைஃபிள் விலையும் கம்மி. ஆனா சாதா லோடுல 4,800 ஜூல்தான் வரும், நமீபியால எருமைக்கு ஆகாது. எங்க ஓனர் கையில அதான் எப்பவும் இருக்கும்.

கேள்வி (அதே தம்பி): .375ஐ விட .458 இன்னும் பவர்தானே, பெருசாவே வாங்கிட்டா என்ன?

பதில்: இதைத்தான் எதிர்பாத்தேன். நானும் இதே கேள்விய கேட்டுத்தான் புருவத்துல தழும்பு வாங்குனேன். ஓனரோட தம்பிகிட்ட .458 வின்செஸ்டர் மேக்னம் இருந்துச்சு, ஆசையா கேட்டு வாங்கி படுத்துக்கிட்டு சுட்டேன், படுத்துக்கிட்டு சுட்டா உதை நேரா தோள்லயே இறங்கும்னு அப்ப தெரியாது, ஸ்கோப் பின்னாடி வந்து புருவத்தைக் கிழிச்சுடுச்சு, ரத்தம் கண்ணுக்குள்ள. அது போகட்டும், அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம், அடுத்த நாள் உதை கம்மியான 30-06 ரைஃபிள எடுத்தாலே ட்ரிகர் அமுக்கறதுக்கு முன்னாடி கண்ணு தானா மூடிக்குது, தோள் முன்னாடி பாயுது. அது சரியாக 3 மாசம் ஆச்சு. அந்த 3 மாசமும் டம்மி தோட்டாவ நிஜ தோட்டாவோட கலந்து இன்னொருத்தர் லோட் பண்ணித் தர நான் சுடுவேன், எது டம்மின்னு நமக்குத் தெரியாது, டம்மி வரும்போது முனை ஆடுச்சுன்னா உள்ள இருக்கற பயம் பல்லை இளிச்சுடும்.

உதை கணக்கு சொல்றேன், ரைஃபிள் எடைய பொறுத்து முன்ன பின்ன ஆகும்: 30-06 சுமார் 20 அடி-பவுண்டு, .375 சுமார் 40, .458 சுமார் 60, .460 வெதர்பி எல்லாம் 100 பக்கம். எருமை நெஞ்சுல சரியா விழுந்த .375, குடல்ல விழுந்த .458ஐ விட ஆயிரம் மடங்கு மேல். காயம்பட்ட எருமை புதர்ல போய் நின்னுக்கிட்டு காத்திருக்கும், அப்ப உள்ள போகப்போறது நீங்க மட்டும் இல்ல, கூட வர்ற கைடும்தான், அந்த ஆளுக்கும் குடும்பம் இருக்கு.

கேள்வி (மயிலாப்பூர்): சார், ஜிம் கார்பெட் .275லயே ஆட்கொல்லிகள சுட்டாரே, ஆப்பிரிக்கால யானை வேட்டையாடின பெல் சுட்ட ஆயிரம் யானைல பெரும்பாலானத அதே தோட்டாலதான் சுட்டாராமே. அப்ப பெரிய கேலிபர் எல்லாம் பந்தாதானே?

பதில்: .275 ரிக்பின்னா வேற ஒண்ணும் இல்ல, 7×57 மவுசருக்கு இங்கிலீஷ்காரன் வெச்ச பேரு. 1907ல சம்பாவத் புலிய சுட்டதுக்கு கார்பெட்டுக்கு பரிசா வந்த ரைஃபிள் அது. ஆனா புலி 200 கிலோ மிருகம் சார், தோல் மெல்லிசு, எருமையோட சேக்கவே கூடாது. அதோட அவர்கிட்ட .450/400 இரட்டைக்குழலும் இருந்துச்சு, அதை ஏன் யாரும் சொல்றதில்ல? பெல் விஷயம் வேற, யானை மண்டை எலும்ப அறுத்துப் பாத்து மூளை எங்க இருக்குன்னு படிச்சவர், ஈயத்து மேல முழுசா ஜாக்கெட், அதாவது உலோக உறை, போட்ட நீளக்குண்டு வெச்சு குறி பாத்து சுட்டார். அதுவும் துப்பாக்கி சத்தம் கேட்டிராத யானைங்க. அவர் செஞ்சார்னு நாமளும் கிளம்பறது, சச்சின் அடிச்ச ஷாட்ட தெரு கிரிக்கெட்ல அடிச்சு எதிர்வீட்டு கண்ணாடிய உடைக்கற கதைதான். நம்ம பக்கத்து உதாரணம் வேணும்னா கென்னத் ஆண்டர்சன், பென்னாகரம் டென்கனிக்கோட்டை காடெல்லாம் சுத்துனவர், அவர் கையில .405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் ரைஃபிள். கனமான குண்டு, கிட்டக்க சுடறதுக்குன்னே ஆனது.

கேள்வி (டல்லாஸ்லேர்ந்து, ஊர் தாம்பரம்): கையில 30-06 இருக்கு. காட்டுப்பன்னிக்கும் எல்க்குங்கற பெரிய மானுக்கும் போதுமா, .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கணுமா?

பதில்: போதும். மிச்சமாகற காசுல தோட்டா வாங்கி பழகுங்க. எல்க்குக்கு மட்டும் 180 கிரெயின்ல நல்ல குண்டா போடுங்க.

கேள்வி (அண்ணா நகர்): நல்ல குண்டுன்னா என்ன சார்? சாலிட், சாஃப்ட்னு சொல்றாங்க, குழப்பமா இருக்கு.

பதில்: கேலிபரை விட இதுதான் முக்கியம், ஆனா கேக்கறவங்க கம்மி. சாஃப்ட்னா முனைல ஈயம் தெரியும், பட்டதும் காளான் மாதிரி விரியும். விரிஞ்சா காயம் பெருசு, ஆனா உள்ள போற ஆழம் குறையும். சாலிட் விரியாது, நேரா துளைச்சுக்கிட்டே போகும், யானை மண்டைக்கு அதான். எருமைக்கு முதல் தோட்டா கெட்டியான சாஃப்ட், பின்னாடி மேகசின்ல சாலிட்னு நிறைய பேர் வெப்பாங்க, ஏன்னா ரெண்டாவது தோட்டா பெரும்பாலும் ஓடற மிருகத்தோட பின்பக்கம் படும், அங்கேர்ந்து நெஞ்சு வரைக்கும் போயாகணும். கூட்டமா நிக்கறப்ப முதல்லயே சாலிட் போட்டா இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்து இன்னொரு எருமைய அடிக்கும், அதுக்கும் சேத்து பில் உங்களுக்கு. விரியற குண்டுலயும் மெல்லிசு ஜாக்கெட் இருக்கறது மான் கிட்ட ஓகே, எருமை தோள் எலும்புல சுக்குநூறாயிடும். ஜான் நோஸ்லர் 1946ல மூஸ்ங்கற பெரிய மானை சுட்டு குண்டு உள்ள போகாம கடுப்பாகித்தான் நடுவுல தடுப்புச்சுவர் வெச்ச பார்ட்டிஷன் குண்டையே செஞ்சார், 1948லேர்ந்து விக்கறாங்க. ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், முழுக்க செம்புல வர்ற பார்ன்ஸ் எல்லாம் அதுக்கப்புறம் வந்த நல்ல சரக்கு.

கேள்வி (கீழ்ப்பாக்கம்): தாத்தா காலத்து ரைஃபிள் ஒண்ணு வீட்ல இருக்கு, .423 மவுசர்னு லைசென்ஸ்ல போட்டிருக்கு. தாத்தா போன வருஷம் தவறிட்டார். இது நல்ல கேலிபரா?

பதில்: கேலிபரை அப்புறம் பாக்கலாம், முதல்ல அது வீட்ல இருக்கறதே தப்பு. லைசென்ஸ்காரர் தவறிட்டா துப்பாக்கிய போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு, வாரிசு பேர்ல விண்ணப்பிக்கணும், சிட்டிக்குள்ளன்னா வேப்பேரி கமிஷனர் ஆபீஸ், மாவட்டம்னா கலெக்டர். 2019 திருத்தத்துக்கப்புறம் ஒருத்தருக்கு 2 துப்பாக்கிதான். நாளைக்கே ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு போங்க, தள்ளிப்போடாதீங்க.

இப்ப கேலிபர். .423ன்னா 10.75×68 மவுசர், ஒரு காலத்துல நம்ம நாட்டு ஷிகாரிங்க கிட்ட நிறைய இருந்துச்சு. 347 கிரெயின் குண்டு, அந்த விட்டத்துக்கு குட்டையா இருக்கும், அதனால ஆழமா போகாது, பழைய சாலிட் குண்டுங்க ஜாக்கெட் மெல்லிசா இருந்து உள்ள போய் நசுங்கவும் செய்யும். புலி, கரடிக்கு பேர் வாங்குச்சு, காட்டெருமைக்கும் யானைக்கும் பேர் கெட்டுச்சு. அலமாரில பழைய தோட்டா இருந்தா அதையும் சேத்து ஒப்படைங்க, டெஸ்ட் பண்றேன்னு யாரும் சுட்டுப் பாக்காதீங்க.

கேள்வி (அசோக் நகர்): .465, .470, .475னு இங்கிலீஷ்காரன் ஏன் இத்தனை சைஸ் வெச்சான்?

பதில்: அதுக்குக் காரணமே நாமதான்! யானை வேட்டைக்கு .450 நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. இந்தியாலயும் சூடான்லயும் கலகக்காரங்க கையில பழைய மார்ட்டினி-ஹென்றி .450 ரைஃபிள் இருந்ததால, குண்டு அவங்க கைக்குப் போயிடும்னு 1907ல வெள்ளைக்காரன் .450 தோட்டா இறக்குமதிய தடை பண்ணிட்டான். வியாபாரம் போகக்கூடாதுன்னு ஒவ்வொரு கம்பெனியும் கொஞ்சம் தள்ளி ஒரு சைஸ் போட்டுச்சு, ஹாலண்ட் .465, மத்தவங்க .470, .475. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்.

கேள்வி (வேளச்சேரி): ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடிய இழுத்துத் தள்ளற போல்ட் ரைஃபிளா, ரெட்டைக்குழல் டபுளா?

பதில்: டபுள்ல ரெண்டாவது தோட்டா கண் இமைக்கறதுக்குள்ள ரெடி, அழகும் அழகு. ஆனா ரெண்டு குழலும் ஒரே எடத்துல அடிக்க குறிப்பிட்ட ஒரு லோடுக்கு செட் பண்ணியிருப்பாங்க, வேற தோட்டா போட்டா ரெண்டும் ரெண்டு திசை. விலை கேட்டீங்கன்னா வேளச்சேரில சிங்கிள் பெட்ரூம் ஞாபகம் வரும். போல்ட்ல மவுசர் 98 மாதிரி பெரிய கொக்கி எக்ஸ்ட்ராக்டர் இருக்கறத பாருங்க, தோட்டா மேகசின்லேர்ந்து எழும்பும்போதே கவ்விக்கும், பதட்டத்துல பாதில இழுத்துட்டு மறுபடி தள்ளினாலும் ரெண்டு தோட்டா முட்டிக்காது.

கேள்வி (செய்யாறு): அண்ணே, நெலத்துல பன்னி தொல்லை தாங்கல, வேர்க்கடலை மொத்தமும் போச்சு. எந்த துப்பாக்கி வாங்கலாம்?

பதில்: வேணாம்ணே. கஷ்டம் புரியுது, எங்க மாமா நெலமும் அந்தப் பக்கம்தான். ஆனா பன்னிய சுடற அதிகாரம் வனத்துறை ஆளுங்களுக்குத்தான், நாம சுட்டா கேஸ் நம்ம மேல. நாட்டுத்துப்பாக்கி, அவுட்டுக்காய் பேச்சே எடுக்காதீங்க, அதைக் கடிச்சு வாய் கிழிஞ்சு யானையே செத்திருக்கு. ரேஞ்சர் ஆபீஸ்ல எழுத்துல மனு குடுங்க, பயிர் சேதத்துக்கு நஷ்டஈடும் சேத்துக் கேளுங்க.

கேள்வி (பெசன்ட் நகர்): .22 டார்கெட் ரைஃபிள் வெச்சிருக்கேன், 2 மாசத்துல துரு.

பதில்: கடல் காத்து மேடம், ஃபேனே துருப்பிடிக்குது. தோல் கவர்ல வெச்சுப் பூட்டாதீங்க, அதான் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். எண்ணெய் துணியால துடைச்சு, சிலிக்கா ஜெல் போட்ட இரும்பு அலமாரில நிக்க வைங்க. கை வேர்வை பட்டா அன்னிக்கே துடைங்க.

கேள்வி (அவங்களே): என் வெயிட் 52 கிலோ. தங்கச்சி இருக்கற தான்சானியாவுக்கு போனா .375 சுட முடியுமா?

பதில்: தாராளமா. வெயிட்டை விட ஸ்டாக், அதாவது தோள்ல வெச்சு அணைக்கற பின்கட்டை, அதோட நீளம்தான் பாக்கணும். வெள்ளைக்காரன் உடம்புக்கு பதிமூன்றரை பதினாலு இஞ்ச் வெச்சு செய்வான், நமக்கு கை எட்டாம கழுத்தை நீட்டுவோம், அப்பதான் அடி வாங்குவோம். 13 இஞ்ச் பக்கம் கொண்டு வாங்க, நல்ல ரப்பர் பேட் போடுங்க, நின்னுக்கிட்டு சுடுங்க, ஒரு நாளைக்கு 6-8 தோட்டாவுக்கு மேல வேணாம். ஸ்டாக் அறுக்கற வேலைய மட்டும் துப்பாக்கி வேலை தெரிஞ்சவர்கிட்ட குடுங்க. விண்ட்ஹூக்ல ஒருத்தன் ரம்பம் வாங்கி தானே அறுக்கறேன்னு உக்காந்து கோணலா அறுத்து, அதை நேராக்கறேன்னு மறுபடி அறுத்து, கடைசில பிளைவுட் துண்டு வெச்சு ஒட்டிக்கிட்டு அலைஞ்சான். அந்த ரைஃபிளை ஓனர் வீட்டு பசங்க இன்னும் என் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க.